உப்புக் கொடுக்காத வீடு

1

இந்தக் கதையைக் கோபத்தில் எழுதுகிறேன். கொஞ்சம் ஆறப்போட்டு எழுது என்று சொல்வார்கள். ஆறிவிட்டால் எழுதமாட்டேன் என்று எனக்குத் தெரியும். ஆறிவிட்டால் நானும் மற்றவர்களைப் போல ஒரு சாண்ட்விச்சை எடுத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து... இருங்கள். அங்கே பிறகு வருகிறேன்.

கதை ஒரு சாவில் பிறந்தது. வட இங்கிலாந்தில், டர்ஹம் பக்கம் ப்ராக்கன்லா என்று ஒரு ஊர். நிலக்கரிச் சுரங்கம் மூடியபின் மிஞ்சியது ஒரு நீளத் தெரு, அதன் ஒரு கோடியில் சேப்பல் என்கிற சின்னத் தேவாலயம். சேப்பலுக்குள் பெட்டி. பெட்டிக்குள் வில்ஃபிரட் ஸ்டாப்ஸ், வயது தொண்ணூற்றொன்று. ஊரின் பெரிய மளிகைக் கடைக்கு மேலாளராக இருந்தவர், சேப்பலின் ஞாயிறு பள்ளிக்கு நாற்பது வருடம் தலைவர். அவரை நான் உயிரோடு பார்த்ததில்லை. லினெட் கூப்பிட்டாள், போனேன்.

லினெட் எங்கள் ஆஸ்பத்திரியில் போர்ட்டர். நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகிறவள். ஐம்பத்தேழு வயதிலும் மலைமாதிரி தோள். நான் அங்கே முதியோர் வார்டு நர்ஸ், தர்மபுரிக்காரி, வாசுகி. லினெட்டின் வாயில் வெறும் வாஸ்.

"சும்மா துணைக்கு வா, வாஸ். ஒரு ஆளை நெஜமாவே புதைக்கிறாங்களான்னு கண்ணால பாக்கணும்" என்றாள்.

"யாரு அது?"

"வா சொல்றேன்."

சேப்பலுக்குப் புதிதாக வந்த இளம் போதகர், பாவம், யாரோ எழுதிக் கொடுத்ததைப் பார்த்து வாசித்தாள். நேர்மை, உழைப்பு, பிள்ளைகள்மேல் பிரியம். கடைசியில் நிமிர்ந்து, பைபிளில் நல்லவர்களைச் சொல்வதுபோல, "வில்ஃபிரட் பூமிக்கு உப்பாக வாழ்ந்தவர்" என்றாள்.

லினெட் சிரித்தாள். அடக்கிய சிரிப்பில்லை. வாயைத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்து, சேப்பல் கூரை அதிரச் சிரித்தாள். முன்வரிசைகள் எல்லாம் திரும்பின. திரும்பிய முகங்கள் எல்லாம் எழுபது, எண்பது வயது முகங்கள். அவற்றில் ஆச்சரியத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. யாரோ வீட்டுக்குள் நாய் நுழைந்ததுபோல் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டன.

"அந்த ஆளு எங்கப்பன்" என்றாள் லினெட் என் காதில்.

2

தொடக்கம் அமைவது கஷ்டமாக இருக்கிறது. கைவிட்ட தொடக்கங்களை இங்கேயே விட்டுவைக்கிறேன். ஒரு கோபக்காரி எத்தனை தரம் நாகரிகமாக ஆரம்பிக்கப் பார்த்தாள் என்று உங்களுக்குத் தெரியட்டும்.

முதல் தொடக்கம், கட்டுரைத்தனமானது:

"ஆங்கிலேயரின் வாழ்வில் உப்பு வெறும் சுவை அல்ல. கொட்டிய உப்பில் ஒரு சிட்டிகை எடுத்து இடது தோளுக்குப் பின்னால் வீசுவார்கள்; அங்கே நிற்கும் சாத்தானின் கண்ணில் விழவேண்டும். பிரபுக்களின் நீண்ட சாப்பாட்டு மேஜையில் உப்புக் கிண்ணம் நடுவில் இருந்தது. அதற்கு இந்தப் பக்கம், பிரபுவின் அருகே உட்கார்ந்தவன் பெரிய மனிதன், அந்தப் பக்கம் உட்கார்ந்தவன்..."

நிறுத்திவிட்டேன். இது எல்லாம் உண்மைதான். எங்கள் ஆஸ்பத்திரிக் கேண்டீன் சமையல்காரர் இன்றைக்கும் தோளுக்குப் பின்னால் வீசுகிறார், யார் கண்ணில் விழுகிறது என்று பார்ப்பதில்லை. என் வார்டில் இறந்த ஒரு கிழவியின் நெஞ்சில், போர்வைக்குள், அவள் மகள் ஒரு சின்னத் தட்டு உப்பை வைத்துவிட்டுப் போனதை நான் பார்த்தேன், எடுக்கவில்லை. ஆனால் இப்படி அழகழகாக அடுக்கினால் ஸ்டாப்ஸ் தப்பித்துவிடுவார். வழக்கங்களின் அருங்காட்சியகத்தில் அவர் ஒரு ஓரமாக நின்றுகொள்வார்.

இரண்டாவது தொடக்கம்: "நான் உப்பளங்களின் ஊரில் பிறந்தவள்." பொய். தூத்துக்குடிக்காரியாக இருந்திருந்தால் இந்தக் கதைக்கு எவ்வளவு வசதி! தர்மபுரியில் மாம்பழம்தான்.

[இந்த இடத்தில் உப்பைப் பற்றிய நம்முடைய அந்தப் பழமொழி உங்கள் நாக்கில் வந்து நிற்கிறது என்று தெரியும். அதை எழுதமாட்டேன். நன்றியைப் பற்றிப் பேச இங்கே யாருக்கும் தகுதி இல்லை.]

மூன்றாவது தொடக்கம்: "தெல்மா ரெயின் அழகாக இருந்தாள்." இதை எழுதிய கையை வெட்டவேண்டும். அவள் எப்படி இருந்தால் என்ன?

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். புதைகுழியிலிருந்து டீ கொடுக்கிற சேப்பல் மண்டபத்துக்கு நடந்த வழியிலும், அதற்கப்புறம் பல நாள் ஆஸ்பத்திரி வாசலில் அவள் சிகரெட் பிடிக்கும்போதும், லினெட் எனக்குச் சொன்னது.

3

தெல்மா, லினெட்டின் அம்மா. 1961இல் பத்தொன்பது வயது. ஸ்டாப்ஸின் கடையில் பன்றிக்கறியை மெல்லிசாகச் சீவிக் கொடுக்கும் வேலை. சேப்பல் பாடகர் குழுவிலும் இருந்தாள். ஸ்டாப்ஸுக்கு அப்போது முப்பத்துநாலு. மனைவி மியூரியல். குழந்தை இல்லை.

கடைக்குப் பின்னால் சரக்கு அறை. ஒரு மாலை, கடை சாத்திய பிறகு—

இந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன். முடித்துப் பார்த்தேன், படித்தபோது நானே ஒரு ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. தெல்மா தன் மகளிடம் இதைப் பற்றி வாழ்நாளில் சொன்னது ஒரே வரிதான்: "அவரு என்னைக் கேக்கவே இல்லடி." அந்த ஒரு வரி போதும். போதாதவர்கள் வேறு கதை படிக்கலாம்.

வயிறு தெரிய ஆரம்பித்ததும் வேலை போயிற்று. வேலையை விட்டு அனுப்பியவர் ஸ்டாப்ஸ். பாடகர் குழுவிலிருந்து அவளை நீக்கவேண்டும் என்று கூட்டத்தில் எழுந்து பேசியவரும் ஸ்டாப்ஸ். 'வருத்தத்தோடு' பேசினாராம்.

இப்போது அப்பா. தெல்மாவின் அப்பா ஆல்ஃப் ரெயின், சுரங்கத் தொழிலாளி. மனைவி போய்ச் சேர்ந்து சில வருடம் ஆகியிருந்தது. முதல் வரைவில் நான் அவரை இப்படி எழுதினேன்: "ஆல்ஃப் இடுப்பு பெல்ட்டை உருவினார். 'வெளியே போடி' என்று கத்தினார்." எழுதியதை லினெட்டுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். சிகரெட்டைக் கீழே போட்டாள்.

"யாரு சொன்னது உனக்கு?"

"யாரும் சொல்லல. அந்தக் காலத்து அப்பா, அப்படித்தான் இருந்திருப்பாருன்னு..."

"அப்படித்தானா? எங்க தாத்தாவை நீ பாத்தியா? கல்யாணமாகாம புள்ள பெக்கற பொண்ணுங்க விடுதிக்கு அம்மாவை அனுப்பச் சொல்லி சேப்பல் ஆளுங்க வந்தப்ப, அந்த மனுஷன் கரி மூஞ்சியோட வாசல்ல நின்னு என்ன சொன்னாருன்னு தெரியுமா? 'பொண்ணும் இங்கதான் இருப்பா, புள்ளையும் இங்கதான் இருக்கும். பேசறவன் எவனா இருந்தாலும் என்கிட்ட வந்து பேசட்டும்.' ஊர்ல இருந்த ஒரே நல்ல ஆம்பளைய நீ பெல்ட்டோட நிக்க வெக்கிறியா? எடு அதை."

எடுத்துவிட்டேன். கதைக்குத் தயாராக ஒரு கொடுமைக்கார அப்பன் கிடைத்தால் எழுதுகிறவளுக்குச் சௌகரியம். உண்மையான குற்றவாளி பின்னால் நின்று தொப்பியைச் சரிசெய்துகொள்ளலாம்.

ஆல்ஃப் மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "யாரு கண்ணு அவன்?"

தெல்மா சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை. சொன்னால் அப்பா அவனைக் கொன்றுவிடுவார். கொன்றால் அரசாங்கம் அப்பாவைத் தூக்கில் போடும். அப்போது தூக்குத்தண்டனை இருந்த காலம். அவளுக்கு இருந்தது ஒரே அப்பா.

4

பெயரை வாயால் சொல்ல முடியாதவள் காலால் சொன்னாள்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம். பிறந்த குழந்தையை முதல்முறை வெளியே தூக்கிக்கொண்டு போகும்போது, அது முதலில் போகும் வீட்டில் ஒரு முட்டை, கொஞ்சம் உப்பு, ஒரு வெள்ளிக்காசு கொடுக்கவேண்டும். முட்டை குறைவில்லாமல் இருக்க, காசு கையில் தங்க, உப்பு... உப்பு எதற்கு என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கெட்டது அண்டாமல் இருக்க என்றார் ஒருவர். என் வார்டுக் கிழவி ஒருத்தி சொன்னதுதான் எனக்குச் சரியென்று படுகிறது: "நீயும் எங்க ஆளுதான்னு புள்ளைகிட்ட சொல்றதும்மா, வேறென்ன."

எந்த வீடும் மறுக்காது. முதல் வீடு பெரும்பாலும் அப்பாவைப் பெற்றவர்களின் வீடு. ஆகையால் முதல் வீடு எது என்பதற்கே ஒரு அர்த்தம் உண்டு. தெருவில் எல்லோருக்கும் அது தெரியும்.

ஆல்ஃபின் பக்கத்து வீட்டில் பெரில் என்று ஒரு புதுப்பெண். கல்யாணமாகி வந்து சில மாதம்தான். நல்லவள். சேப்பல் பெண்கள் தெல்மாவோடு பேச்சை நிறுத்திய பிறகும் பேசினவள். "முதல்ல எங்க வீட்டுக்குத்தான் தூக்கிட்டு வரணும், சொல்லிட்டேன்" என்று தெல்மாவிடம் சொல்லிவைத்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆராதனை முடிந்து ஊரே மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பியிருந்த நேரம். ஆல்ஃப் இரவு வேலை முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். தெல்மா குழந்தையை வெள்ளைச் சால்வையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

பெரில் தட்டோடு வாசலில் நின்றாள். முட்டை, காகிதத்தில் சுற்றிய உப்பு, ஆறு பென்ஸ் காசு.

"வா வா, எங்க, மூஞ்சியக் காட்டு என் தங்கத்தோட!"

"இல்ல பெரில்" என்றாள் தெல்மா. "இங்க இல்ல."

"அப்புறம் எங்க?"

தெல்மா நடந்தாள். தெரு நீளம். எல்லா வீட்டிலும் முன்ஜன்னல் தெருவைப் பார்த்துத்தான் இருக்கிறது. திரைகள் ஒவ்வொன்றாக அசைந்தன. அடுப்பில் வெந்துகொண்டிருந்த இறைச்சியை விட்டுவிட்டுப் பெண்கள் ஜன்னலுக்கு வந்தார்கள். சிறுமிகள் அம்மாக்களின் கைக்குக் கீழே தலையை நுழைத்துப் பார்த்தார்கள். தெல்மா ஒவ்வொரு வாசலாகத் தாண்டினாள். எந்த வாசலில் நிற்கப்போகிறாள் என்று தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

ஸ்டாப்ஸின் வாசலில் நின்றாள். கதவைத் தட்டினாள்.

[இந்த நடையை எழுதும்போது காற்று, மேகம், கரிப்புகை என்று ஏதேதோ சேர்த்திருந்தேன். நீக்கிவிட்டேன். அவள் வானிலை பார்க்கப் போகவில்லை.]

5

கதவைத் திறந்தவள் மியூரியல்.

"இவளுக்கு இதுதான் முதல் வீடு" என்றாள் தெல்மா.

மியூரியலின் முகத்தில் ஒரு கணம்— இல்லை. அந்த முகத்தில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. தெல்மா சொன்னது இவ்வளவுதான்: மியூரியல் குழந்தையைப் பார்த்தாள், பிறகு ரொம்ப நேரம் குழந்தையின் வாயை மட்டும் பார்த்தாள்.

உள்ளேயிருந்து ஸ்டாப்ஸின் குரல். "யாரு மியூரியல்?"

கழுத்தில் செருகிய சாப்பாட்டுத் துணியோடு வந்தார். பார்த்ததும் நின்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் எட்டிப் பார்த்தார். வெளியூரிலிருந்து அன்று பிரசங்கத்துக்கு வந்த போதகர், விருந்துக்கு உட்கார்ந்திருந்தவர். ஒன்றும் அறியாத நல்ல மனிதர்.

"அட, முதல் வீடா!" என்றார் போதகர். "ரொம்பச் சந்தோஷம்! ஸ்டாப்ஸ், என்ன நிக்கிறீங்க? முட்டையும் காசும் எடுத்துட்டு வாங்கம்மா. உப்பு மேஜைமேலயே இருக்கு பாருங்க, இந்தாங்க." தானே போய் உப்புக் கிண்ணத்தை எடுத்துவந்து ஸ்டாப்ஸின் கையில் திணித்தார்.

மியூரியல் உள்ளே போய் முட்டையும் ஆறு பென்ஸும் எடுத்துவந்தாள். சால்வை மடிப்பில் செருகினாள்.

பாக்கி உப்புதான். ஸ்டாப்ஸ் கிண்ணத்தோடு நின்றார்.

"நீ வீடு மாறி வந்துட்டேம்மா" என்றார், கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே குரலில்.

"மாறல" என்றாள் தெல்மா. "எல்லா வீட்டையும் தாண்டித்தான் வந்தேன்."

போதகருக்கு அப்போதுதான் ஏதோ உறைத்திருக்கவேண்டும், சிரிப்பு நின்றது. ஸ்டாப்ஸ் கிண்ணத்தை மனைவியின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். போய் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்த சத்தம், கரண்டி தட்டில் படுகிற சத்தம், வாசல்வரை கேட்டது.

மியூரியல் உப்போடு நின்றாள்.

இந்த இடத்தில் தெல்மா ஒவ்வொரு தடவையும் நிறுத்திவிடுவாள். லினெட் சிறுமியாகக் கேட்டாள், பெரியவளாகக் கேட்டாள். "அப்புறம் என்னம்மா ஆச்சு?"

"அப்புறம் வீட்டுக்கு வந்தோம்."

சால்வையை அவிழ்த்தபோது முட்டை இருந்தது, காசு இருந்தது. உப்பு இல்லை. ஆல்ஃப் தூங்கி எழுந்து முட்டையைப் பார்த்துச் சிரித்தார். "யாரு குடுத்தா?" "பெரில் குடுத்தாப்பா." பக்கத்து வீட்டு பெரில் அதை மறுக்கவில்லை. தெருவில் யாரும் மறுக்கவில்லை.

6

இங்கே ஒரு முடிவை எழுதினேன். உங்களுக்கும் காட்டுகிறேன்.

"மறுநாள் விடியும்போது தெல்மா கதவைத் திறந்தாள். வாசற்படியில் ஒரு காகிதப் பொட்டலம். பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. தெருவின் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பிடி உப்பு."

எழுதிவிட்டு அழுதேன். அழுத பிறகுதான் பயம் வந்தது. இது எவ்வளவு இனிக்கிறது பாருங்கள்! தெரு நல்லதாகிவிட்டது. நீங்களும் நல்லவர்களாகிவிட்டீர்கள். கிழித்துப் போட்டேன். ஒரு பொட்டலமும் வரவில்லை. ஒரு பெண்ணும் வரவில்லை.

வேண்டுமானால் இன்னொரு முடிவு: ஸ்டாப்ஸுக்கு அந்த ஞாயிறிலிருந்து நிம்மதி போயிற்று, தூக்கம் போயிற்று, வியாபாரம் போயிற்று. இதுவும் இனிப்புத்தான், காரம் தடவிய இனிப்பு. அவர் நன்றாகத் தூங்கினார். தெரு முழுவதும் அவர் கடையில்தான் கறி வாங்கியது. ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்த சிறுமிகள் அவரிடம்தான் ஞாயிறு பள்ளி படித்தார்கள். அந்தச் சிறுமிகளை நினைத்தால் எனக்கு வேறு கேள்விகளும் வருகின்றன. கேட்க ஆள் இல்லை.

ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியாது. ஆல்ஃபுக்கு. சனிக்கிழமை தோறும் கடைக்குப் போய், தொப்பியைக் கழற்றி, "வணக்கம் ஸ்டாப்ஸ் ஐயா" என்று சொல்லி, பேத்திக்கு பிஸ்கட் வாங்கிவந்தார். வாங்கும்போது கடையில் நின்ற பெண்கள் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. சில வருடத்தில் சுரங்கத் தூசி அவர் நெஞ்சை அடைத்தது, தெரியாமலே போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்கு ஸ்டாப்ஸ் வந்தார். தன் கையால் மண் போட்டார்.

என் கோபத்தை அளக்கச் சொன்னால் அந்தத் தொப்பியிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

தெல்மா மகளை அழைத்துக்கொண்டு சந்தர்லாந்துக்குப் போனாள். பஸ்ஸில் கண்டக்டர் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆட்டம் போட்டாள், கடற்கரையில் சிப்ஸ் தின்றாள், குடிகாரன்களைக் காதைப் பிடித்து இறக்கிவிட்டாள். லினெட் சொல்லும்போது அந்த அம்மா எனக்கு ரொம்பப் பிடித்துப்போனாள். ஸ்டாப்ஸுக்கு முன்பே இறந்துவிட்டாள். சாவதற்குமுன் மகளிடம் ஒன்று சொன்னாள்:

"சாட்சி வேணும்னுதான்டி அவ்வளவு தூரம் நடந்தேன். தெரு முழுக்க சாட்சி கெடச்சது. ஒருத்தி வாயத் தொறக்கல."

7

ஸ்டாப்ஸை உண்மையாகவே புதைத்தார்கள். லினெட் பக்கத்தில் நின்று பார்த்து உறுதிசெய்துகொண்டாள். பிறகு சேப்பல் மண்டபத்தில் டீ. பன்றிக்கறி சாண்ட்விச், கேக், பெரிய டீப் பாத்திரம். ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவள் பெரில். ஆம், அதே பெரில், எண்பதை நெருங்கிவிட்டாள். முன்னால் சக்கர நாற்காலியில் மியூரியல், கறுப்புக் கம்பளிக்குள் சுருங்கிப்போய்.

லினெட் மண்டபத்தின் நடுவில் போய் நின்றாள். போர்ட்டர் குரல், நீண்ட வராந்தாவில் வழிவிடச் சொல்லிப் பழகிய குரல்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. நான் லினெட் ரெயின். தெல்மா ரெயினோட பொண்ணு. இப்ப புதைச்சுட்டு வந்தீங்களே, அந்த ஆளு எனக்கு அப்பன். எங்கம்மாவுக்குப் பத்தொன்பது வயசு. அவளை அவன் கேக்கவே இல்ல."

கோப்பைகள் நின்றன. இளம் போதகர் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

பெரில் டீப் பாத்திரத்தின் குழாயை மூடினாள்.

"தெரியும் கண்ணு" என்றாள், ரொம்ப அன்பாக. "எல்லாருக்கும் தெரியும். உக்காரு. டீ ஆறுது பாரு."

அந்தக் குரலில் அன்பு இருந்தது என்பதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பெரில் கெட்டவளாக இருந்திருந்தால் இந்தக் கதையை நான் ஒரு மாலையில் எழுதி முடித்திருப்பேன்.

"தெரியுமா?" என்றாள் லினெட். "தெரிஞ்சுமா?"

"என்ன பண்ணச் சொல்ற? அந்தக் காலம் அப்படி." பெரில் தட்டுகளை அடுக்கினாள். திடீரென்று அவள் கண் கலங்கியது. "உனக்காக நான் எல்லாம் எடுத்து வெச்சிருந்தேன். முட்டை, உப்பு, காசு. அந்த ஆறு பென்ஸ் எங்க மாமனார் குடுத்தது. உங்கம்மா என்னை ஒரு பார்வை பாத்துட்டு என் வாசலைத் தாண்டிப் போனா. தெருவே பாத்துச்சு. எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

ஐம்பத்தேழு வருடமாக அவளுக்கு அதுதான் குறை. நானே சிரித்திருப்பேன், லினெட்டின் முகத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

அப்போது மியூரியல் கையைத் தூக்கினாள். லினெட் அவளிடம் போனாள். நாற்காலிக்கு முன் மண்டியிட்டாள். நோயாளிகளிடம் அப்படித்தான் பேசுவாள், பழக்கம்.

"நான்தான் முதல்ல கண்டுபிடிச்சேன்" என்றாள் மியூரியல். குரல் தெளிவாக இருந்தது. "அந்த வாயைப் பாத்ததும். இப்பவும் அதே வாய்தான் உனக்கு."

"உப்பு உங்க கையிலதானே இருந்துச்சு?"

"என் கையிலதான்."

"என்ன பண்ணீங்க?"

"கதவைச் சாத்தினேன்."

"ஏன்?"

"குடுத்தா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். முட்டையும் காசும் யாருக்கு வேணா குடுக்கலாம். உப்பு அப்படி இல்ல." மூச்சு வாங்கினாள். "நான் எங்கம்மா போவேன் அப்புறம்? எனக்கு யாரு இருந்தா?"

"எங்கம்மா போனாளே" என்றாள் லினெட். "கைக்குழந்தையோட போனா."

மியூரியல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. "நான் சாகறதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. உன் வாயால."

[இங்கே மியூரியல் கைப்பையைத் திறந்து அந்தப் பழைய உப்புக் கிண்ணத்தை எடுத்து நீட்டுவாள் என்று எதிர்பார்க்கிறீர்கள். நானும் எதிர்பார்த்தேன். கைப்பையில் மூக்குக்கண்ணாடியும் இருமல் மிட்டாயும்தான் இருந்தன.]

லினெட் பதில் சொன்னாள். குறைவான வார்த்தைகள். மண்டபம் கேட்டது, நான் கேட்டேன். கையை உருவிக்கொண்டு எழுந்தாள், நாங்கள் வெளியே வந்தோம்.

8

அவள் சொன்னதை எழுத அனுமதி கேட்டேன். ஆஸ்பத்திரி வாசல், சிகரெட், மழைத்தூறல்.

"எழுதாத" என்றாள்.

"ஏன்?"

"மன்னிச்சேன்னு எழுதினா படிக்கிறவங்க நிம்மதியாப் போயிடுவாங்க. மன்னிக்கலன்னு எழுதினா, ஐயோ பாவம், கசந்துபோன பொம்பளைன்னு சொல்லிட்டு அப்பவும் நிம்மதியாப் போயிடுவாங்க. கடைசியில எல்லாரும் என்னையே பாத்துட்டிருப்பாங்க வாஸ். நான் என்ன பண்ணினேன்? நான் பொறந்தேன், அவ்வளவுதான். என்னை ஏன் பாக்கணும்?"

"அப்ப யாரைப் பாக்கணும்?"

"அந்த ரூம்ல எவ்வளவு பேர் இருந்தாங்க" என்றாள். சிகரெட்டை அணைத்துவிட்டு, அறுவைசிகிச்சை முடிந்த யாரையோ மாடிக்குத் தள்ளிக்கொண்டு போவதற்காக உள்ளே போய்விட்டாள்.

அதனால் அவள் பதிலை எழுதவில்லை. முடிவு என்று ஒன்றை எழுதவும் போவதில்லை. அதற்குப் பதிலாக ஒன்று செய்கிறேன். எழுதுகிறவளுக்கு இந்தச் சலுகை உண்டு. கதையைச் சற்றுப் பின்னால் தள்ளி, மண்டபத்துக்கே திரும்பிப் போகிறேன். உங்களையும் அழைத்துப் போய், ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் உட்கார வைக்கிறேன். நீங்களும் இந்த ஊர்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுத் திரையும் அசைந்தது. அவரிடம்தான் கறி வாங்கினீர்கள். ஆல்ஃப் தொப்பியைக் கழற்றியபோது வேறு பக்கம் பார்த்தீர்கள். உங்கள் மடியில் தட்டு இருக்கிறது, கேக் பாதி தின்றிருக்கிறீர்கள்.

நடுவில் ஒரு பெண் நிற்கிறாள். சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வருகிறாள், உங்கள் முகத்துக்கு இன்னும் வரவில்லை. பெரில் டீக் குழாயை மூடிவிட்டாள். உதட்டைப் பிரிக்கிறாள். அவள் சொல்லப்போவது என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

அவள் பேசுமுன் நீங்கள் பேசுங்கள்.